பதிப்பு மாறினால் குறிப்பேடு என்ன செய்யும்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

வழி தெரியாத ஊருக்குப் போகிறவனுக்கு வழிகாட்டிப் பலகைதான் துணை. அந்தப் பலகை பத்தாண்டுகளுக்கு முன் நட்டதாகவும், அதற்குப் பிறகு சாலையே திசை மாறிப் போனதாகவும் இருந்தால் அவன் கதி என்ன? பலகை இல்லாத ஊரிலாவது நாலு பேரைக் கேட்டுப் போவான். தவறான பலகை இருக்கும் ஊரில் யாரையும் கேளாமல், நம்பிக்கையோடு தவறான வழியில் நடப்பான். கணிப்பொறி உலகில் இந்த நிலை அன்றாடம் நேர்கிறது. அதை எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து விளக்க விரும்புகிறேன்.

எங்கள் வீடு திருப்போரூரில். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பள்ளியில் உயிரியல் பிரிவு. முதலாண்டில் சி பிளஸ் பிளஸ் செய்முறை வகுப்பு தொடங்கியபோது, எங்கள் தெருவில் பல ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த அண்ணன் ஒருவர் தம் செய்முறைக் குறிப்பேட்டைக் கொடுத்தார். மணி மணியான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரின் சிவப்பு மைக் கையொப்பம். வேதம் கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

அதிலிருந்த முதல் நிரலை ஆய்வகத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தேன். திரை முழுவதும் பிழைச் செய்திகள். மூன்று நாள் மாலை அதையே அழித்து அழித்து அடித்தேன். குறிப்பேட்டில் தவறு இருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. ஆசிரியரின் கையொப்பம் இருக்கிறதே! ஆகவே தவறு என் தலையில்தான் என்று முடிவு செய்தேன். வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாமா என்றுகூட எண்ணினேன். வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை.

நான்காம் நாள் எங்கள் விரிவுரையாளர் அருகில் வந்து பார்த்தார். குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது எந்தப் பதிப்புக்கு எழுதினது?”

அதுவரை அப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அந்தக் குறிப்பேடு டர்போ சி பிளஸ் பிளஸ் என்ற தொகுப்பிக்காக எழுதப்பட்டது. போர்லண்ட் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட, டாஸ் காலத்துக் கருவி அது. 1998-இல் சி பிளஸ் பிளஸ் மொழிக்குப் பன்னாட்டுத் தர வரையறை வந்தது. அதன்படி, ‘ஐஓஸ்ட்ரீம்’ என்ற தலைப்புக் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த ‘.எச்’ நீங்கியது, ‘மெயின்’ என்ற முதன்மைச் சார்பு ஒரு முழு எண்ணைத் திருப்பியனுப்ப வேண்டும் என்பது விதி. திரையைத் துடைக்கும் கட்டளையோ எந்நாளும் மொழியைச் சேர்ந்ததன்று. அந்தத் தொகுப்பியோடு வந்த தனிச் சரக்கு. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது லினக்ஸில் இயங்கும் ஜிசிசி. அது இம்மூன்றையும் ஏற்காது. நான்கு வரிகளைத் திருத்தியதும் நிரல் ஓடியது. அண்ணனும் தவறு செய்யவில்லை, நானும் செய்யவில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரி இல்லாமற்போனதே குறை.

பிழைச் செய்தி வந்ததே, அது என் நல்லூழ். பழைய குறிப்பு இருவகையில் கெடும். ஒன்று, கூச்சலிட்டுக் கெடும். மற்றொன்று, ஓசையின்றிக் கெடும். இரண்டாவதே ஆபத்தானது. இவ்வாண்டு நாங்கள் பயிலும் பைத்தான் மொழியே இதற்குச் சான்று. பைத்தானின் மூன்றாம் தலைமுறை 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 11 ஆண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன. அக்காலத்துக் குறிப்புகள் இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

பழைய குறிப்பில் ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி இராது. இன்று அதை அடித்தால் உடனே பிழை காட்டும்; இது கூச்சல். ஆனால் 75, 80 என்ற இரு மதிப்பெண்களின் சராசரியைக் காண 155-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய பைத்தான் 77 என்று சொல்லும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டிவிடுவது அதன் வழக்கம். புதியது 77.5 என்று சொல்லும். இரண்டிலும் பிழைச் செய்தி இல்லை. அரை மதிப்பெண் ஓசையின்றி மாறிவிடுகிறது.

நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால், யூடிஎப்-8 முறையில் எழுதிய சாதாரணச் சரத்துக்குப் பழைய பைத்தான் 15 என்னும். அது பைட்டுகளை எண்ணுகிறது. புதிய பைத்தான் 5 என்னும். அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறிப் புள்ளிகளை எண்ணுகிறது. நாமோ மூன்று எழுத்து என்போம். ‘விடை 15’ என்று மட்டும் எழுதி வைத்த குறிப்பு, படிப்பவனை எவ்வளவு குழப்பும்!

அப்படியானால், கருவி மாறினாலும் பயன் குன்றாத குறிப்பை எப்படி எழுதுவது? நான் அறிந்துகொண்டவை நான்கு.

முதலாவது, பதிப்பையும் நாளையும் முதல் வரியிலேயே எழுதுதல். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று தாள்கள் உள்ளன. தாத்தா காலத்துத் தாளில் திருப்போரூர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருக்கிறது. 2005-இல் பிறந்த எனக்கான பிறப்புச் சான்றில் காஞ்சிபுரம் மாவட்டம். கல்லூரிக்காக வாங்கிய சாதிச் சான்றில் செங்கல்பட்டு மாவட்டம். ஊர் நகரவில்லை, 1997-இலும் 2019-இலும் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. மூன்று தாளும் மெய்யே. அவற்றில் நாள் குறித்திருப்பதால்தான் எந்த அலுவலகமும் அவற்றைப் பொய்யென்று தள்ளுவதில்லை. மென்பொருள் குறிப்புக்கும் அதே நீதி. பதிப்பு எண்ணை முழுமையாக எழுத வேண்டும். ‘பைத்தான் 3’ என்றால் போதாது. நீண்ட காலம் மொழியோடு வந்துகொண்டிருந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற தொகுதி, 2023-இல் வந்த 3.12-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. நடுவில் உள்ள எண்ணும் பேசும்.

இரண்டாவது, மாறுவதையும் மாறாததையும் பிரித்து எழுதுதல். என் தந்தை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் தொழில் பழகியபோது உளியும் சுத்தியலும்தான். இன்று பெரும்பகுதி வெட்டும் வேலையை மின் இயந்திரம் செய்கிறது. ஒருநாள் இந்தக் குறிப்பேட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். “உளி போயி மெஷின் வந்துச்சு. தாலக் கணக்கு அதேதானே?” என்றார். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலப் பகுப்பு. எந்தக் கருவியால் செதுக்கினாலும் அது மாறாது. நிரலிலும் அப்படியே. ஒரு வரிசையை ஏன் அடுக்குகிறோம், எந்த முறையில் அடுக்குகிறோம் என்பது தாலக் கணக்கு. எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்தப் பெயரில் கோப்பை அழைப்பது என்பது உளி. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், உளி மாறும்போது முழுப் பக்கத்தையும் கிழிக்க நேரும். தனித்தனியே எழுதினால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது, பழையதை அழிக்காமல் மாற்றத்தைக் குறித்தல். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். தம் பதிப்புகளில் சுவடிக்குச் சுவடி வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். அவர் தம் முடிவைச் சொன்னார்; பிறர் சோதிக்க வழியும் வைத்தார். பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணமும் இதைத்தான் செய்கிறது. இது இன்ன பதிப்பில் புதிதாக வந்தது, இன்ன பதிப்பில் மாறியது, இன்ன பதிப்பு முதல் கைவிடத் தக்கது என்று அந்தந்த இடத்திலேயே குறிக்கிறது. பழைய பதிப்புகளின் ஆவணங்களையும் தனித்தனியே காத்து வைக்கிறது. பழைய கருவியோடு வேலை செய்ய வேண்டியவர்கள் எப்போதும் இருப்பார்கள் அல்லவா?

நான்காவது, எழுதியதை மீண்டும் ஓட்டிப் பார்த்தல். எடுத்துக்காட்டு நிரலோடு அது தரும் விடையையும் எழுத வேண்டும். அப்போதுதான் படிப்பவர் தாம் எங்கே வழி தவறினோம் என்று அறிவார். பைத்தானில் ‘டாக்டெஸ்ட்’ என்ற ஒரு தொகுதி 2001 முதல் உள்ளது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டுகளை அதுவே ஓட்டி, எழுதிய விடையோடு வந்த விடையை ஒப்பிட்டு, மாறுபட்டால் சொல்லிவிடும். நம்மைப் போன்றோர்க்கு அவ்வளவு வேண்டாம். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை, குறிப்பேட்டிலுள்ள நிரல்களை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தாலே போதும். ஓடாதவற்றுக்கு எதிரே நாளிட்டு எழுதிவிடலாம்.

இவை பெரிய தத்துவங்கள் அல்ல என்று சிலர் எண்ணலாம். வீட்டில் அண்ணனோ அக்காளோ படித்திருந்தால், குறிப்பு தவறினாலும் கேட்டுத் தெளியலாம். என்னைப் போல் வீட்டிலிருந்து முதல் ஆளாக வருவோர்க்குத் தாள்தான் அண்ணன், தாள்தான் அக்காள். அந்தத் தாள் தவறினால், அவர்கள் தாளைச் சந்தேகிக்க மாட்டார்கள், தங்களையே சந்தேகிப்பார்கள். எத்தனை பேர் அப்படிச் சந்தேகித்து ஓசையின்றி விலகிப் போனார்களோ!

அண்ணனின் குறிப்பேடு இன்னும் என்னிடம் உள்ளது. அதை அவரைக் கேட்டுக்கொண்டு திருத்தி வருகிறேன். முதல் பக்கத்தில், ‘டர்போ சி பிளஸ் பிளஸுக்காக எழுதியது, ஜிசிசிக்கான மாற்றங்கள் ஓரத்தில் பச்சை மையில்’ என்று எழுதி நாளிட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு அது முதலாண்டு மாணவர் ஒருவரின் கைக்குப் போகும். அவருக்காக இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: ‘இதில் ஏதேனும் ஓடவில்லையென்றால், முதலில் பதிப்பைப் பார்க்கவும். தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.’