நாலில் ஒன்று யாருடைய கணக்கு?

கணவன், மனைவி இருவரிடமும் அரிவாள் செல் சோகைக்கான மரபணு ஒற்றைப் பிரதியாக இருக்கிறது. இருவருக்குமே நோய் இல்லை. இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்று பள்ளிப் பாடநூலில் வரும் நாலு அறைப் புன்னட் கட்டம் காட்டுகிறது. நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு நோய், மூன்றுக்கு இல்லை என்றே பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் இங்கிருந்துதான் முளைக்கிறது. ஆபத்தான நம்பிக்கை அது. நாலில் ஒன்று என்ற விகிதம் ஆயிரக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது. ஒரு வீட்டுக்கு அது ஒதுக்கீடு எதுவும் செய்வதில்லை.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்த கிரெகர் மெண்டலின் கட்டுரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், புனித தாமஸ் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தபோது முதல் தலைமுறை விதைகள் எல்லாமே உருண்டை. அவற்றிலிருந்து வளர்ந்த 253 செடிகளைத் தம்மில் தாமே கருவுற விட்டபோது 7,324 விதைகள் கிடைத்தன: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று, அதாவது நாலில் ஒன்று சுருங்கியது. ஆனால் செடி செடியாக எண்ணியபோது ஒன்றில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியவை. இன்னொன்றில் 14க்கு 15. அந்த இரண்டாவது செடியை மட்டும் பார்த்தவர் பாதிக்குப் பாதி என்று விதி வகுத்திருப்பார். மெண்டலின் மொத்த எண்கள் நம்ப முடியாத அளவு ஒழுங்காக இருப்பதாகப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் ஐயம் எழுப்பியது உண்மை. அதே மெண்டல்தான் தனிச் செடிகளின் இந்தக் கோணல்களையும் மறைக்காமல் அச்சில் ஏற்றினார்.

ஏன் இந்தக் கோணல்? தாயின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் கருமுட்டைக்குப் போகிறது. தந்தையின் இரண்டில் ஒன்றுதான் விந்தணுவுக்கு. எது போகும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடும் சீட்டு. முன்பு பிறந்த குழந்தைக்கு எது போனது என்று அடுத்த கருவுக்குத் தெரியாது. கட்டத்தின் நாலு அறைகளும் ஒரே குழந்தைக்குச் சமமாகத் திறந்திருக்கும் நாலு வழிகள். அவற்றை நாலு குழந்தைகள் என்று எண்ணுவதில்தான் பிழை. நாலு பிள்ளைகள் உள்ள இப்படிப்பட்ட குடும்பங்களைக் கணக்கிட்டால், சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம்தான். ஒருவருக்கும் இல்லாதிருக்க 32 சதவீதம். மீதி 26 சதவீதத்தில் இருவருக்கோ அதற்கு மேலோ நோய். பலர் எதிர்பார்க்கும் அந்த ‘ஒழுங்கான’ குடும்பம் பாதிக்கும் குறைவு.

அப்படியானால் எதையும் உறுதியாகச் சொல்லாத இந்தக் கட்டத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சில இடங்களில் அது மிக உறுதியாகவே சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் மட்டும் கேரியர் (நோயின்றி ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர்), மற்றவரிடம் இரண்டு பிரதிகளும் இயல்பானவை என்றால், எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வராது; ஒவ்வொரு பிள்ளையும் கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதி. திருமணத்துக்கு முன் இரு தரப்பும் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். நமக்குத் தொலைவான விஷயமும் இல்லை: தென்னிந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

உயரம், தோல் நிறம் போன்றவை இந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லையே என்ற மறுப்பும் நியாயமானது. அவற்றில் பல மரபணுக்களும், சாப்பாடும் வெயிலும்கூட, கை வைக்கின்றன. குழந்தை யார் சாயலில் பிறக்கும் என்று கட்டம் போட்டுச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. ஒரே மரபணுவில் நிற்கும் பண்புகளுக்கு மட்டும் போட்ட கணக்கு இது. அந்த எல்லைக்குள் அது தோற்பதில்லை.

எல்லைக்குள்ளேயே இன்னொரு கேள்வி உண்டு, பலர் கேட்க மறப்பது. நோயுற்ற பிள்ளையின் நலமான தம்பி கேரியரா? பாதி வாய்ப்பு என்று தோன்றும். நோயில்லை என்று தெரிந்ததுமே நாலு அறைகளில் ஒன்று அடிபட்டுப் போகிறது; மிஞ்சிய மூன்றில் இரண்டு கேரியர் அறைகள். ஆக, மூன்றில் இரண்டு. மெண்டல் இதையும் சோதித்தார். இரண்டாம் தலைமுறை உருண்டை விதைகளிலிருந்து வளர்த்த 565 செடிகளில் 193 உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 இரண்டையும் தந்தன. ஒளிந்திருப்பது எது என்று அறிய அவர் அடுத்த தலைமுறை விளையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தம்பிக்கு ஒரு ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை போதும்.