டிஸ்க் வாங்கியாச்சு... அப்புறம் எதுக்கு டவுன்லோடு?

பிறந்தநாள் பரிசாக பிளேஸ்டேஷன் 5 கேம் டிஸ்க் ஒன்றை வாங்கித் தருகிறீர்கள். டிஸ்க்கைப் போட்டதுமே விளையாடலாம் என்று பிள்ளை ஆவலோடு உட்கார, திரையில் 'இன்ஸ்டால்' ஓடத் தொடங்குகிறது. 'அதான் டிஸ்க் இருக்கே, இது எதற்கு?'

வேகம்தான் காரணம். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ன் எஸ்.எஸ்.டி., நொடிக்கு 5.5 ஜி.பி. வரை படிக்கும். டிஸ்க்கால் அதை எட்டவே முடியாது. அதனால் கேம் முழுவதும் முதலில் எஸ்.எஸ்.டி-க்கு நகலாகிறது. அதன்பிறகு டிஸ்க், கிட்டத்தட்ட வீட்டுச் சாவி மாதிரி. அதை உள்ளே போட்டால்தான் கேம் திறக்கும்.

அடுத்தது அப்டேட். டிஸ்க் அச்சான பிறகு சரிசெய்த பிழைகள் அதில் இருக்காது. அவை இணையம் வழியாகத்தான் வரும். சில கேம்களில் டிஸ்க்கில் ஒரு பகுதி மட்டுமே இருக்கும்; மீதியை டவுன்லோடு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* வாங்கும் முன், இணையம் அவசியமா என்று அட்டையில் பாருங்கள்.
* டிஸ்க் டிரைவ் இல்லாத 'டிஜிட்டல் எடிஷன்' மாடல் என்றால், டிரைவைத் தனியாக இணைக்காமல் டிஸ்க் பயன்படாது.
* இடம் போதவில்லையா? கேமை அழித்தாலும், விளையாடிச் சேமித்த 'சேவ் டேட்டா' தனியாக இருக்கும்.
* முக்கியமாக, முந்தின நாளே இன்ஸ்டால் செய்துவிடுங்கள். பிறந்தநாளன்று பிள்ளை காத்திருக்க வேண்டாமே!