பழைய கேபினுக்குப் புதிய சேசிஸ்

தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் வட்டாரத்துக்கு வாழைத்தார் ஏற்ற வரும் பெரிய லாரிகளில் பலவற்றுக்குப் பிறந்த ஊர் இரண்டு. சேசிஸ் ஓசூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ தயாராகும். பாடி நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் கட்டப்படும். இடைப்பட்ட தூரத்தைச் சேசிஸ் தானே ஓடிக் கடக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கதவு இல்லை, கூரை இல்லை, கண்ணாடி இல்லை. இன்ஜினுக்குப் பின்னால் சும்மா ஒரு சீட்டைப் போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓட்டிப் போவார். பின்னாலேயே இன்னும் நாலைந்து அதே கோலத்தில் வரும். மேலே எதுவுமே இல்லாமல் ஒரு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் காட்ட அதைவிட நல்ல செயல்விளக்கம் கிடையாது.

சேசிஸும் பாடியும் தனித்தனி என்றால், எழுபது வருடப் பழைய பிக்-அப்பின் அழகான கேபினைக் கழற்றி, நேற்று வந்த சேசிஸ் மேல் உட்கார வைக்கலாமே? அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகவே நடக்கிறது. பார்க்கப் பாட்டன் காலத்து வண்டி. பிரேக்கை மிதித்தால் பேரன் காலத்து வண்டி.

யோசித்துப் பார்த்தால் பிக்-அப் என்ற இனமே இப்படித்தான் தோன்றியது. 1917-ல் ஃபோர்டு நிறுவனம் விற்ற 'மாடல் டிடி' வெறும் சேசிஸ்தான். விலை 600 டாலர். வாங்கியவர் உள்ளூர்த் தச்சரிடம் போய்ப் பாடி கட்டிக்கொண்டார். மறுவருடம் வந்த செவ்ரலே டிரக்குகளும் கேபின் இல்லாமலேயே வந்தன. பின்பக்கம் சுமைப் பெட்டியோடு ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்தே முழு வண்டி வெளியே வந்தது 1925-ல்; விலை 281 டாலர். தெற்கே நமக்கும் வந்த வண்டியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது, மதுரை டி.வி.எஸ். அந்நிறுவன வண்டிகளை விற்றது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் ஓடும் கருவியை டி.வி.எஸ். தயாரித்துத் தந்தது. பெரியவர்கள் 'கரி பஸ்' என்று நினைவுகூர்வது அதைத்தான். சர்க்காரே முதுகில் தட்டிக்கொடுத்து வண்டியை மாற்றச் சொன்ன காலம் அது.

அமெரிக்கப் பட்டறைகளில் அதிகம் அடிபடும் பெயர் செவ்ரலே 3100. 1947-லிருந்து 1955 வரை வந்த, உருண்டை மூக்குப் பிக்-அப். அதன் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 116 அங்குலம். அதே நிறுவனம் 1982 முதல் 2004 வரை விற்ற எஸ்-10 என்ற சிறு பிக்-அப்பின் நீள மாடலுக்கு 117.9 அங்குலம். வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட இல்லை. அதனால்தான் துருப்பிடித்து ஒதுக்கிய எஸ்-10-ஐ வாங்கி, அதன் மேலுடம்பைக் கழற்றி வீசிவிட்டு 3100-ன் கேபினை இறக்குகிறார்கள். எஸ்-10-ன் அகலம் கொஞ்சம் குறைவு. சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கி, பெரியவர் சட்டையைப் போட்ட பையன் மாதிரித் தெரியும். அதைச் சரிக்கட்ட ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். தள்ளத் தள்ள வீல் பேரிங்குக்குச் சுமை கூடும் என்பதை மட்டும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

நம்மூர்க் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மகிந்திரா 1960-களில் வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தில் எஃப்.சி.-150 என்ற பிக்-அப்பை இங்கே தயாரித்தது. மூக்கே இல்லாமல் சப்பை முகத்தோடு, ஓட்டுநர் முன் அச்சின் மேலேயே உட்காரும் ஜீப். வீல்பேஸ் 81 அங்குலம், அதாவது 2,057 மில்லிமீட்டர். 2005-ல் வந்து ஊரெங்கும் 'குட்டியானை' ஆகிவிட்ட டாடா ஏஸுக்கு 2,100 மில்லிமீட்டர். வெறும் 43 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! டேப்பைப் பிடித்துப் பார்த்தவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஏஸின் அகலம் ஒன்றரை மீட்டர். பழைய ஜீப் அதைவிட நன்றாகவே அகலம். ஏஸில் முதலில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் இன்ஜின். அந்த ஜீப்போ காலியாக நின்றாலே ஒரு டன்னைத் தாண்டும். இரும்புக் கேபினைத் தூக்கி வைத்தாலே ஏஸ் சுமக்க வேண்டிய வாழைத்தாரில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். டேப் சரி என்று சொன்னதைத் தராசு தள்ளுபடி செய்துவிடுகிறது.

உயரமும் ஒரு சிக்கல். எஃப்.சி.-150 முதலில் வந்தபோது இடது வலது சக்கரங்களுக்கு இடையே 48 அங்குலம்தான். ஓட்டுநர் உச்சியில், சக்கரம் ஒடுக்கத்தில். வளைவில் வண்டி கவிழுமா என்பதைத் தீர்மானிப்பது எடை மையத்தின் உயரத்துக்கும் சக்கர அகலத்துக்கும் உள்ள விகிதம். வில்லிஸ் நிறுவனமே பிறகு அதை 57 அங்குலமாக அகலப்படுத்த வேண்டியதாயிற்று. உயரமான கேபினை ஒடுங்கிய சேசிஸில் வைக்கிறவர், தயாரித்தவர்களே திருத்திவிட்ட தவறை மறுபடி கொண்டுவருகிறார்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவுகள். தெரியாதது முறுக்கம். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முறுகும். பழைய பிக்-அப்களின் நீளச் சட்டங்கள் பெரும்பாலும் 'ப' வடிவத்தில், ஒரு பக்கம் திறந்தவை. இன்றைய பிக்-அப்களில் பல, நாலு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டத்தில் வருகின்றன. கோவில்பட்டித் தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் எளிதாக வளையும். உறையோடு முறுக்கினால் அடம்பிடிக்கும். இரும்பில் இந்த வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குப் போகும். 100 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் கொண்ட திறந்த 'ப' சட்டத்தின் நாலாவது பக்கத்தையும் தகடு வைத்து மூடினால், முறுக்கத்தை எதிர்க்கும் திறன் பொறியியல் கணக்குப்படி ஏறத்தாழ 500 மடங்காகிறது. கூடுதலாகச் செலவான இரும்போ பாதி மடங்கு.

பழைய கேபினுக்கு இது நல்ல செய்தி. முறுகாத சேசிஸ் மேல் உட்கார்ந்தால் கதவு இடுக்கு விரியாது, கண்ணாடி விரிசல் விடாது. அப்படியானால் லாரிக்காரர்கள் ஏன் இன்னும் திறந்த சட்டத்தையே வைத்திருக்கிறார்கள்? மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டுமானால் நீண்ட சேசிஸ் கொஞ்சம் முறுகிக் கொடுத்தாக வேண்டும். விறைப்பாக நின்றால் ரிவெட் அடித்த மூலைகளில் வெடிப்பு விழும்.

பாடி கட்டும் பட்டறையில் அரைமணி நேரம் நின்றால் இந்த அறிவு கண்முன்னே வேலை செய்வதைப் பார்க்கலாம். சேசிஸுக்கும் பாடியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே நீளவாக்கில் மரக்கட்டை வைப்பார்கள். அதன்மேல் பாடியை இறக்கி, இரண்டையும் சேர்த்து யூ-போல்ட்டால் அணைத்து முறுக்குவார்கள். சேசிஸின் மேல் விளிம்பில் துளை போடமாட்டார்கள், வெல்டிங் வைக்கவும் மாட்டார்கள். சுமை ஏறிச் சட்டம் வளையும்போது மேல் விளிம்பு அழுந்தும், கீழ் விளிம்பு இழுபடும்; நடுவில் இரண்டுமே ஏறக்குறைய இல்லை. இந்த விசைகள் உச்சத்தில் இருக்கும் விளிம்பில் துளை போட்டால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். வெல்டிங் சூடு, பதப்படுத்திய இரும்பின் பலத்தைக் குறைத்துவிடும். ஏட்டில் படிக்காத மேஸ்திரியும் பையனின் கையில் டிரில்லைக் கொடுக்கும்போது "மேல வைக்காதடே, நடுவுல வை" என்று சொல்வது இதனால்தான்.

கேபின் இறங்கிவிட்டது, போல்ட்டும் முறுக்கியாயிற்று. இனிதான் தலைவலி. பழைய பிக்-அப்பில் ஸ்டியரிங் கம்பி, கைச்சக்கரத்திலிருந்து ஸ்டியரிங் கியர் பாக்ஸ் வரை ஒரே நீளக் கம்பி. நேருக்கு நேர் மோதினால் அது ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். மோதினால் மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டு அமெரிக்கக் கார்களில் பரவியது 1967, 68-ல்தான். ஆகவே புதிய சேசிஸின் ஸ்டியரிங் தண்டை அப்படியே கொண்டுவர வேண்டும். பழைய கேபினில் அதற்கு இடமும் இருக்காது, கோணமும் ஒத்துவராது. சீட் பெல்ட்டைப் பழைய தரைத்தகட்டில் போல்ட் போட்டுக் கட்டினால் மோதலில் தகடோடு பிய்ந்து வரும். சேசிஸிலிருந்து தனியாகச் சட்டம் எழுப்ப வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டி என்றால் புகைக்குழாயில் வடிகட்டி, அதற்கு வெப்ப சென்சார், சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். சென்சார், சாவிக்குள் சிப் என்று ஒரு பட்டாளமே கூட வரும். இதில் ஒன்றைக் காணோம் என்றாலும் இன்ஜினின் கணினி முரண்டு பிடிக்கும். மீட்டர் போர்டிலிருந்து மிதிக்கட்டை வரை மொத்த வயரிங்கையும் பழைய கேபினுக்குள் திணிப்பதில்தான் மாதங்கள் கழிகின்றன.

தூத்துக்குடி மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு எதிரியும் உண்டு: உப்பு. உப்பளத்து லாரிகளுக்கும் கடற்காற்றுக்கும் நடுவே இங்கே இரும்பு நீண்ட காலம் நிம்மதியாக இருந்ததில்லை. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து அரிப்பை வேகப்படுத்துகின்றன. இங்கேதான் பெட்டிச் சட்டத்தின் மறுபக்கம் தெரிகிறது. திறந்த சட்டத்தில் துருவைக் கண்ணால் பார்த்துச் சுரண்டிவிடலாம். மூடிய சட்டம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்து ஊரையே துண்டித்தது. தெருவில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த மாதிரி வெள்ளம் வடிந்த பிறகு இன்ஜினையும் சீட்டையும் கழுவுகிறவர்கள் உண்டு. சேசிஸின் அடியிலுள்ள வடிகால் ஓட்டையில் கம்பி விட்டு வண்டலை வெளியேற்றுகிறவர்கள் குறைவு. வெள்ளம் பார்த்த வண்டியை மலிவாக வாங்கி, அதன் சேசிஸை எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் முதலில் அந்த ஓட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

பொறியியலைத் தாண்டி வந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. ஊர் வழக்கில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டி நின்றதும், சேசிஸில் பொறித்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்கள். பென்சில் பிரின்ட் என்று பெயர். தேய்ப்பது சேசிஸில், கேபினில் அல்ல. சட்டத்தின் கண்ணில் வண்டியின் அடையாளம் அந்த எண்தான். பிரிட்டனில் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்கப் பல்லாண்டாக ஒரு மதிப்பெண் முறையே இருந்தது: மாற்றம் செய்யாத சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. தேறுவதற்கு 8 வேண்டியிருந்தது. தனிச் சேசிஸ் உள்ள வண்டியில், எல்லோரும் ஆசைப்படும் அந்தக் கேபினுக்கு மதிப்பெண்ணே இருந்ததில்லை.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. சேசிஸாகவே விற்கப்படும் லாரிக்குப் பாடி கட்டுவது இதில் சேராது. அதற்குத் தனி விதிமுறை உண்டு. பழமை வாகனமாகப் பதியலாம் என்றால் 2021-ன் விதி குறுக்கே நிற்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வாடகைக்கும் ஓட்டக் கூடாது. ஆக, புதுச் சேசிஸில் ஏறிய பழைய கேபின் பழமை வாகனமும் அல்ல, தொழிற்சாலை வாகனமும் அல்ல. இந்த விஷயத்தில் சட்டம் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டுகிறது என்றே தோன்றுகிறது. ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது, பட்டறைகளில் திறமை இருக்கிறது. ஒற்றை வண்டியைக் கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகும் சோதனை முறைதான் இல்லை.

ஹரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ராணுவம் கழித்த பாகங்களையும் பழைய ஜீப் உடம்புகளையும் புதிய இன்ஜின்களையும் சேர்த்துத் திறந்த ஜீப்களைக் கட்டி நாடெங்கும் அனுப்பிப் பெயர் வாங்கிய ஊர் அது. அங்கே வாங்கித் தமிழ்நாட்டுச் சாலையில் இறக்குகிறவர், 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவைப் படித்துவிட்டு இறக்குவது நல்லது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சேசிஸ் ஒன்று, இன்ஜின் இரண்டு, ஸ்டியரிங் மூன்று என்று எண்ண ஆரம்பித்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு விரல் போதாது.