டாங்கியும் குண்டு வீச்சு விமானமும்: நம்புவது வேறு, நடந்தது வேறு

யுத்தப் படம் என்றால் கொட்டகை நிரம்பிவிடும். திரையில் டாங்கி உருண்டு வந்தால் எதிரில் நிற்பதெல்லாம் சரியும். விமானம் குண்டு போட்டால் குறி வைத்த இடத்திலேயே விழும். படங்களும் டீக்கடைப் பேச்சும் சேர்ந்து நம்மிடையே பல தவறான எண்ணங்களை வேரூன்றச் செய்துவிட்டன.

படம் பார்ப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் இத்தகைய எண்ணங்களை மந்திரிகளும் தளபதிகளும் நம்பியபோது, அந்த இயந்திரங்களுக்குள் இருந்த இளைஞர்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஐந்து எண்ணங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

பெரிய டாங்கியே ஜெயிக்கும்!

1940 மே மாதம் ஜெர்மனி பிரான்ஸ் மீது பாய்ந்து ஆறே வாரங்களில் அதை வீழ்த்தியது. ஜெர்மானியரிடம் பெரிய டாங்கிகள் ஏராளமாக இருந்ததே காரணம் என்று சொல்வோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறு. டாங்கிகளின் எண்ணிக்கையில் பிரான்ஸே முந்தி நின்றது. அதன் 'ஷார் பி' ரக டாங்கியின் கவசத்தை ஜெர்மன் பீரங்கிகளால் எளிதில் துளைக்க முடியவில்லை. ஜெர்மன் டாங்கிகளில் பாதிக்கு மேல் சிறிய ரகங்களே.

பின் எங்கே கோளாறு? பிரெஞ்சு டாங்கியின் சுழலும் மேற்கூண்டில் ஒரே ஆள். அவரே குண்டை நிரப்பி, குறி பார்த்து, சுட்டு, டாங்கிக்கு வழியும் காட்ட வேண்டும். பெரும்பாலான டாங்கிகளில் ரேடியோவும் கிடையாது. ஜெர்மனியின் முக்கிய டாங்கிகளிலோ அதே வேலையை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டனர். ரேடியோவும் இருந்தது.

பிற்பாடு ஜெர்மனியே பெரிய டாங்கிக்கு ஆசைப்பட்டு 57 டன் எடையுள்ள 'டைகர்' டாங்கியைச் செய்தது. அது ரயில் வாகனில் ஏற வேண்டுமானால் அகலமான சங்கிலிப் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் குறுகலானவற்றை மாட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். இத்தனை பாடுபட்டுச் செய்தவை சுமார் 1,350. அமெரிக்கா செய்த ஷெர்மன் டாங்கிகளோ ஏறக்குறைய 50,000!

நம் நாட்டிலும் இந்தப் பாடம் உண்டு. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் நுழைந்தன. அசல் உத்தர் கிராமத்தருகே நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சியிருந்தனர். சேற்றில் சிக்கிய பாட்டன்களை, மறைந்திருந்த நம் டாங்கிகள் வேட்டையாடின. ஜீப்பில் பொருத்திய பீரங்கியாலேயே டாங்கிகளை வீழ்த்தி, அங்கேயே உயிர் துறந்தவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

பெட்ரோல் என்பதால் எரிந்தது!

ஷெர்மன் டாங்கி அடிபட்டவுடன் தீப்பற்றும் என்று பெயர் வாங்கியது. பெட்ரோல் என்ஜினே காரணம் என்றார்கள். ஜெர்மன் டாங்கிகளும் பெட்ரோலில்தானே ஓடின! ஆராய்ந்து பார்த்ததில், தீக்கு முக்கியக் காரணம் உள்ளே அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகளின் வெடிமருந்து என்று தெரிந்தது. 1944ல் குண்டுகளைத் தரை மட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் நீர் நிரப்பிய பெட்டிகளை வைத்தார்கள். அதற்கு முன் அடிபட்டவற்றில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன. பிறகு அது 10 முதல் 15 ஆகக் குறைந்தது. என்ஜின் மட்டும் அதே பெட்ரோல் என்ஜின்தான்.

விமானம் தன்னையே காத்துக்கொள்ளும்!

எப்படித் தடுத்தாலும் குண்டு வீச்சு விமானம் இலக்கை அடைந்தே தீரும் என்று பிரிட்டிஷ் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் 1932ல் சொன்னார். அமெரிக்கர் பல இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி, ஒரு விமானத்துக்கே 'பறக்கும் கோட்டை' என்று பெயரிட்டனர். துணை விமானம் இல்லாமலே அது போய்த் திரும்பும் என்று நம்பினர்.

1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரிலிருந்த பால்பேரிங் ஆலைகளைத் தாக்க 291 விமானங்கள் புறப்பட்டன. காவலுக்கு வந்த போர் விமானங்கள் பெட்ரோல் போதாமல் பாதி வழியில் திரும்பின. 60 'கோட்டைகள்' வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். உபரி பெட்ரோல் தொட்டிகளுடன் கடைசி வரை கூட வரும் 'மஸ்டாங்' போர் விமானங்கள் 1944ல் பெருகிய பிறகே நிலைமை மாறியது.

குறி தப்பாது!

1941ல் பிரிட்டிஷார் தங்கள் விமானங்கள் இரவில் எடுத்த புகைப்படங்களைச் சோதித்தனர். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைலுக்குள் போயிருந்தது! பெங்களூர் நகர ரயில் நிலையத்துக்கு வைத்த குறி கிருஷ்ணராஜபுரத்தில் விழுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்கென்று புறப்பட்ட குண்டு யார் வீட்டில் விழுந்ததோ! யுத்தம் முடிவதற்குள், பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மலையில் டாங்கி ஏறாது!

இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. 1948ல் லடாக்கின் லே நகருக்குப் போகும் தரைவழியில், 11,500 அடி உயரத்திலுள்ள சோஜிலா கணவாயை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். நம் காலாட்படையின் தாக்குதல்கள் பலிக்கவில்லை. டாங்கிகளைக் கொண்டு போக முடிவு செய்தார் ஜெனரல் திம்மையா. பாலங்கள் தாங்காது என்பதால் மேற்கூண்டுகளைக் கழற்றி, எதிரி அறியாதபடி மூடி மறைத்து ஸ்ரீநகர் வழியே ஸ்டூவர்ட் டாங்கிகளைக் கொண்டு சென்றனர்.

அதற்குமேல் பாதை கோவேறு கழுதைகள் போகும் தடம்தான். அதை அகலப்படுத்தி டாங்கி ஏறும் பாதையாக்கியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட, 'தம்பிகள்' என்று ராணுவமே அழைக்கும் அதே படை. 1948 நவம்பர் 1 அன்று பனியில் டாங்கிகள் கணவாயில் நுழைந்தபோது எதிரிகள் திகைத்தார்கள். டாங்கியை அடிக்கும் ஆயுதம் அவர்களிடம் இல்லை. அந்த மாதத்திலேயே திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. லேக்குப் போகும் வழி திறந்தது.

அடுத்த முறை யுத்தப் படத்தில் டாங்கி கணவாய் ஏறுவதைப் பார்த்தால், அதற்கு முன்னே கடப்பாறையும் மண்வெட்டியும் சென்றிருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.