ஒரே மாநிலத்தில் 68 அணிகள்: கொரோனாவுக்கு நடுவே ‘மார்ச் மேட்னஸ்’ நடந்தது எப்படி?

2021 மார்ச் 20, சனிக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரம். இரவு ஆட்டத்துக்கு இன்னும் சுமார் மூன்று மணி நேரம்தான் இருந்தது. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக அணியில் பலருக்கு கொரோனா பாசிட்டிவ் என ரிசல்ட் வந்தது. அவ்வளவுதான், ஆட்டம் ரத்து. ஒரு பந்துகூடப் போடாமல் அந்த அணி வீட்டுக்குக் கிளம்ப, எதிரணியான ஓரிகன் அடுத்த சுற்றுக்குப் போனது.

‘இவ்வளவு ரிஸ்க் எடுத்து ஒரு காலேஜ் டோர்னமென்ட்டை நடத்தணுமா?’ன்னு நமக்குத் தோணலாம். அதற்கான பதிலைத் தெரிஞ்சுக்க ஒரு வருஷம் பின்னால் போகணும்.

ஏன் நடத்தியே ஆகணும்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு என்சிஏஏ. ஒவ்வொரு மார்ச்சிலும் இது நடத்தும் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்தான் ‘மார்ச் மேட்னஸ்’. 68 அணிகள், தோற்றால் வெளியே. 1939-ல் தொடங்கிய ஆண்கள் போட்டி, இரண்டாம் உலகப் போர் காலத்தில்கூட நிற்கவில்லை. ஆனால் 2020 மார்ச் 12 அன்று, வரலாற்றிலேயே முதல் முறையாக ரத்தானது.

என்சிஏஏவின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரு போட்டியின் டிவி உரிமத்திலிருந்துதான் வருகிறது. 2021-ல் அது சுமார் 85 கோடி டாலர். 2020-ல் போட்டி ரத்தானதும், கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய 60 கோடி டாலர் 22.5 கோடியாகக் குறைந்தது. இரண்டாவது வருஷமும் இந்த அடியைத் தாங்க யாரும் தயாராக இல்லை.

எப்படி நடத்தினாங்க?

வழக்கமாக நாடு முழுக்கப் பல நகரங்களில் நடக்கும் போட்டி இது. 2021-ல் மொத்த 67 ஆட்டங்களையும் இண்டியானா என்ற ஒரே மாநிலத்துக்குள் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவை இண்டியானாபோலிஸில், சில மட்டும் பக்கத்து ஊர்களில். நம்ம ஐபிஎல்லில் பார்த்த ‘பயோ பபுள்’ மாதிரிதான். ஆனால் அப்போது ஐபிஎல்லில் எட்டு அணிகள், இங்கே 68!

முக்கிய விதிகள் இவை:

• ஊருக்கு வருவதற்கு முன்பே தொடர்ந்து ஏழு நாள் நெகட்டிவ் ரிசல்ட் வேண்டும்.

• வந்ததும் ஹோட்டல் அறையில் தனிமை. அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் நெகட்டிவ் ஆன பிறகுதான் பயிற்சி. அதன் பிறகும் தினமும் டெஸ்ட்.

• ஓர் அணிக்கு ஹோட்டலில் தனித் தளம். சாப்பாடு, மீட்டிங் எல்லாமே தள்ளித் தள்ளி.

• யார் யாருடன் நெருக்கமாக இருந்தார்கள் என்று பதிவு செய்ய, எல்லோருக்கும் சின்ன சென்சார் கருவி.

• அரங்கில் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே அனுமதி.

நகரத்தின் மாநாட்டு மையமே பயிற்சிக் கூடமாக மாறியது. அங்கிருந்து பல ஹோட்டல்களுக்கு மூடிய நடைபாலம் இருந்ததால், வீரர்கள் தெருவில் இறங்காமலே போய்வர முடிந்தது.

கடைசி நேரத்தில் பாசிட்டிவ் வந்தால்?

இதற்கும் விதி இருந்தது. ஐந்து வீரர்கள் ஃபிட்டாக இருந்தாலே போதும், அணி ஆடலாம். போட்டி தொடங்கும் முன் ஓர் அணி விலகினால் உள்ளே வர, நான்கு அணிகள் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தன. மார்ச் 16 மாலையோடு அந்தக் கதவும் மூடப்பட்டது. அதன் பிறகு மாற்று அணி கிடையாது, எதிரணி நேராக அடுத்த சுற்றுக்குப் போகும். வர்ஜீனியா காமன்வெல்த் அணிக்கு நடந்தது இதுதான். நடுவர்களும் தப்பவில்லை. ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்ததால், அவருடன் சேர்ந்து சாப்பிட்டவர்களையும் சேர்த்து ஆறு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கடைசியில் 67-ல் 66 ஆட்டங்கள் நடந்து முடிந்தன. ஏப்ரல் 5 இறுதிப் போட்டியில், அதுவரை தோல்வியே காணாத கொன்சாகாவை 86-70 என வீழ்த்தி பேலர் சாம்பியன் ஆனது.

அப்போ சக்சஸ்தானே?

ஆண்கள் போட்டியை மட்டும் பார்த்தால், ஆமாம். அதே நேரத்தில் டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் 64 பெண்கள் அணிகளும் இதேபோல பபுளுக்குள் இருந்தன. ஆண்களுக்குப் பெரிய ஜிம், பெண்களுக்கோ ஒரு ஸ்டாண்டு டம்பெல், சில யோகா மேட். ‘இடம் இல்லை’ என்றது என்சிஏஏ. ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அங்கே காலியாகக் கிடந்த பெரிய இடத்தை வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டார். அது வைரலானதும், ஓரிரு நாளில் முழு ஜிம் வந்துவிட்டது.

டெஸ்ட்டிலும் இதே கதைதான். ஆண்களுக்கு தினமும் அதிகத் துல்லியமான பிசிஆர், பெண்களுக்கு தினமும் ஆன்டிஜென். ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரைக்கூட அப்போது ஆண்கள் போட்டிக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள்.

சர்ச்சை வெடித்ததும், என்சிஏஏ ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. 2021 ஆகஸ்டில் வந்த அறிக்கை, பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமம் 2025-ல் வருடத்துக்கு 8.1 முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று கணித்தது. ஆனால் அப்போது, பெண்கள் கூடைப்பந்தையும் வேறு பல விளையாட்டுகளையும் ஒரே பேக்கேஜாகக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன மாறியது?

2022-ல் பெண்கள் போட்டிக்கும் ‘மார்ச் மேட்னஸ்’ பெயரும் 68 அணிகளும் கிடைத்தன. 2024 இறுதிப் போட்டியை அமெரிக்காவில் சராசரியாக சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள். அதே வருஷம் ஆண்கள் இறுதிப் போட்டிக்குக் கிடைத்தது சுமார் 1.48 கோடி. பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது அதுதான் முதல் முறை. ஆண்கள் அணிகளுக்குப் பல வருஷமாகக் கிடைத்துவந்த வெற்றிக்கேற்ற பங்குத் தொகை, 2025-ல்தான் பெண்கள் அணிகளுக்கும் வந்தது.

கொரோனாவுக்கு முன்பும் இந்த வித்தியாசம் இருந்ததுதான். வெவ்வேறு ஊர்களில் ஆடும்போது யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. 2021-ல் எல்லோரையும் இரண்டே இடத்தில் பூட்டி வைத்தபோது, ரெண்டு போட்டோவைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே போதுமாக இருந்தது.