காந்தளும் கொல்கிசினும்

காந்தளை அறியாத தமிழ் மாணவர் இலர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலாவது செங்காந்தளே. மகளிர் விரலுக்கு இதனை உவமித்தல் புலவர் மரபு. எனினும், கண்டிச் சுற்றுப்புறத்து வேலியோரங்களிற் படரும் கார்த்திகைப்பூவைக் காட்டி, "இதுவே காந்தள்" என யாம் கூறுங்கால் மாணவர் வியப்புறுவர். சிங்கள மக்கள் நியங்கலா என்பதும் இதனையே. இதன் அழகைக் கற்பிக்கும் யாம், இதன் நஞ்சையும் உரைத்தல் கடமையாகும்.

இச்செடியின் கிழங்கு கலப்பைபோல் வளைந்திருத்தலின் கலப்பைக்கிழங்கு எனப்படும்; லாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் அப்பொருளதே. கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்னும் அற்கலோயிட்டு உண்டு. ஐரோப்பியச் செடியாகிய கொல்சிக்கத்திலிருந்து இதனை 1820 இல் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் பெலத்தியேயும் காவெந்துவும் பிரித்தெடுத்தனர்.

உடலின் கலமொன்று இரண்டாகப் பிரியும்போது, நுண்ணிய புரத இழைகள் தோன்றி நிறமூர்த்தங்களை இருபுறமும் ஈர்க்கும். கொல்கிசின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ள, இழைகள் உருவாகா, கலப்பிரிவும் தடைப்படும். வெண்குருதிக் கலங்களின் நடமாட்டமும் குன்றும். ஆதலின், சிற்றளவில் அது கவுட் என்னும் மூட்டு நோயின் வீக்கத்தைத் தணிக்கும். இதய நோயாளர்க்கு மாரடைப்பைக் குறைக்க 0.5 மில்லிகிராம் மாத்திரையை 2023 இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம் பகுதி உழவர் இச்செடியை விதைக்காகவே பயிரிடுகின்றனர்.

அளவு மிகின் விரைந்து பிரியும் கலங்களே முதலில் அழியும். சில மணி நேரத்தின்பின் வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும். குடலும் எலும்பு மச்சையும் கெடும். பிழைத்தோர்க்கும் தலைமயிர் உதிரும். வற்றாளங்கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டோர் நஞ்சுற்றமை நம் நாட்டு மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அவித்தலால் நஞ்சு நீங்குவதில்லை.

சித்த மருத்துவர் இக்கிழங்கைச் சுத்தி செய்த பின்னரே மருந்தாக்குவர். ஒரு கிழங்கினுள் எத்துணை நஞ்சுண்டு என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிதல் இயலாது. ஆதலின், மூட்டுவலிக்கு நல்லதெனக் கேட்டுத் தாமே தோண்டி உண்ணல் பெரும் பேதைமை. எவரேனும் உண்டுவிடின், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய கிழங்கையும் உடன்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம் முன்னோர். அளவறிந்த கையில் நஞ்சும் மருந்தாதலைக் காந்தள் காட்டுகின்றது. மாணவர் அதன் மலரைக் கண்டு மகிழ்க; கிழங்கை அறிந்து விலகுக; அறிந்ததை வீட்டாருக்கும் எடுத்துரைக்க.