எந்த மொழியில் முதலெழுத்து?

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கவலை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஐரோப்பாவிலுள்ள லக்சம்பர்க் நாட்டில் அதற்கு முன்பே மற்றொரு கவலை வந்து நிற்கிறது: பிள்ளை எந்த மொழியில் எழுதப் படிக்கத் தொடங்குவது?

2,586 சதுரக் கிலோமீட்டர் பரப்பே கொண்ட சின்னஞ்சிறு நாடு அது. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி லக்சம்பர்க் மொழியே அதன் தேசிய மொழி. சட்டங்கள் எழுதப்படுவதோ பிரெஞ்சு மொழியில். அரசு அலுவல்களில் இவ்விரண்டுடன் ஜெர்மனும் வழங்குகிறது. மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டவர். அவர்களுள் மிகுந்த தொகையினர் போர்ச்சுக்கீசியர்.

கட்டட வேலை செய்து பிழைக்கும் ஒரு போர்ச்சுக்கீசியக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் போர்ச்சுக்கீசியம், கடைவீதியில் பிரெஞ்சு. மகளுக்கு 4 வயதானதும் கட்டாயக் கல்வி தொடங்குகிறது. வகுப்பில் அவள் பெரிதும் கேட்பது லக்சம்பர்க் மொழி. 6 வயதில் அவள் கையில் கொடுக்கப்படும் வாசிப்புப் புத்தகமோ ஜெர்மன் மொழியில்! பிரெஞ்சு முதலில் வாய்மொழியாகவும் பின்னர் எழுத்தாகவும் வருகிறது.

லக்சம்பர்க் மொழி ஜெர்மனுக்கு நெருங்கிய உறவு. ஆகவே அதை வீட்டில் பேசும் குழந்தைக்கு இம்முறை எளிது. நம் சிறுமிக்கோ இரண்டுமே புதியவை. கணக்கில் சுட்டியான பிள்ளையும் வினாவின் ஜெர்மன் வாக்கியம் விளங்காமல் தலைகுனிய நேரிடுகிறது. தொடக்கப் பள்ளியின் முடிவில், ஏறக்குறைய 12 வயதில், எவ்வகை உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வது என்பது முடிவாகிவிடும். அப்பொழுது ஜெர்மனில் பின்தங்கியோருக்குப் பல்கலைக்கழகத்தை நோக்கிய பாதை குறுகிவிடுகிறது. அறிவுக் குறையன்று, மொழித் தடையே காரணம்.

இதை உணர்ந்து அரசும் சில வழிகளைத் திறந்துள்ளது. 2017 அக்டோபர் முதல், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, இத்திட்டத்தில் சேர்ந்த காப்பகங்களில் வாரத்திற்கு 20 மணி நேரம் கட்டணமில்லை. அங்கே லக்சம்பர்க் மொழியும் பிரெஞ்சும் விளையாட்டாகவே செவியில் விழுகின்றன. எனினும் தனியார் காப்பகங்கள் பலவற்றில் பிரெஞ்சே மிகுதியாக ஒலிப்பதால், சேர்க்குமுன் கேட்டறிவது நன்று. 3 வயதிலேயே பள்ளியின் முன்வகுப்பிலும் சேர்க்கலாம்; அது கட்டாயமன்று. 2022 செப்டம்பர் முதல், தொடக்கப் பள்ளி மாணவர்க்குப் பள்ளி வாரங்களில் வகுப்பு நேரம் போக எஞ்சிய வேளைப் பராமரிப்பும் இலவசம்.

2016 முதல் கட்டணமற்ற பொது ஐரோப்பியப் பள்ளிகளும் தோன்றின. அங்கே பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் பிரிவுகளுள் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம். 2022-இல் நான்கு தொடக்கப் பள்ளிகளில், பிரெஞ்சில் எழுதப் படிக்கத் தொடங்கும் முறையும் சோதனையாக மேற்கொள்ளப்பட்டது. அதை நாடெங்கும் விரிக்க அரசு முடிவு செய்தது.

வழிகள் பலவானால் பொறுப்பும் பெருகுகிறது. அந்நாட்டிலேயே நிலைத்து வாழ எண்ணும் குடும்பத்திற்கு அண்டை வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஊர்ப்பள்ளி நல்லுறவைத் தரும். சில ஆண்டுகளில் வேறு நாடு செல்வோருக்கு ஐரோப்பியப் பள்ளி ஏற்றதாகலாம். எதுவாயினும் முடிவு பிள்ளையின் இயல்பை நோக்கியதாக இருத்தல் வேண்டும். பிறர் மெச்சுவதற்காக அன்று.

இன்னொன்றும் நம் கருத்திற்குரியது. 2017-இல் அந்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து சமயப் பாடம் நீக்கப்பட்டு, வாழ்வும் சமுதாயமும் பற்றிய பொதுப் பாடம் புகுத்தப்பட்டது. அன்று முதல் மறைக்கல்வி பங்கின் பொறுப்பும் இல்லத்தின் பொறுப்புமாயிற்று. குழந்தை முதன்முதல் செபிக்கக் கற்பது தாய் பேசும் மொழியிலன்றோ!

பள்ளி மொழி விரைவில் வரட்டுமென்று வீட்டு மொழியைக் கைவிடும் பெற்றோர் உளர். தமக்கே சரியாக வராத மொழியில் பிள்ளையோடு தடுமாறிப் பேசுவதால் பயனென்ன? கதையும் கண்டிப்பும் கொஞ்சலும் தாய்மொழியில் செழிக்கட்டும். அதில் வேரூன்றிய பிள்ளைக்கு மற்ற மொழிகளைக் கற்கும் வலிமையும் வளரும். ஜெர்மன் படிக்கத் தெரியாத தந்தையும், மாலையில் மகளை அருகில் அமர்த்தி, "இன்று என்ன படித்தாய்? நம் மொழியில் சொல், கேட்கிறேன்" என்று கேட்கலாமே! அதற்குப் பட்டம் தேவையில்லை. கால் மணி நேரமும் கனிந்த உள்ளமும் போதும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் நம் குடும்பங்களும் இதை மனத்திற்கொள்வோமாக.